வன்னிச் செடிகளைக் காசநோய்க் கிருமிக்கு எதிராகச் சோதிக்கப் போகிறீர்களா? இலை பறிக்க முன் இதை வாசியுங்கள்

ஒரு தை மாதம் முழுக்க வட இலங்கையின் வன்னிப் பகுதியில், முள்ளியவளை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் அலைந்து பதினாறு வகைச் செடி சேர்த்தேன். காய வைத்தேன், அரைத்தேன், போத்தலில் அடைத்துப் பெயர் ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் காசநோய்க் கிருமியை எங்கே வளர்ப்பது என்று விசாரிக்கத் தொடங்கினேன். பதில் கிடைக்க எட்டு மாதம் போனது. அதற்குள் பாதிப் போத்தலில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அடுத்த மாரி முடியும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் மறுபடி பறித்தேன்.

இறுதியாண்டு ஆய்வுக்கோ முதுகலைக்கோ இந்த வேலையை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த வரிசையைத் தலைகீழாக்கினால் உங்களுக்கு ஒரு வருடம் மிச்சம்.

1. முதலில் கிருமி, பிறகு இலை

எந்தக் கிருமியில் சோதிக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் முடிவு. மற்ற எல்லாச் செலவும் காலமும் அதிலிருந்துதான் வரும். மூன்று வழி இருக்கிறது.

உண்மையான காசநோய்க் கிருமியின் ஆய்வுகூட வகை எச்37ஆர்வி. இதை வளர்த்துக் கையாள மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வுகூடம் வேண்டும். காற்று உள்ளே மட்டும் இழுபடும் அறை, வடிகட்டி, பயிற்சி பெற்ற ஆட்கள், முகத்துக்குப் பொருந்தும் என்95 மாஸ்க், இவ்வளவும் அதில் அடங்கும். சாதாரண நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் ஒருநாளும் இதைத் திறக்க வேண்டாம். வெலிசறையில் இருக்கும் தேசிய காசநோய் உசாத்துணை ஆய்வுகூடத்தின் முதல் வேலை நோயாளிகளின் மாதிரிகளைப் பார்ப்பது. மாணவர்களுக்கென்று அங்கே மேசை காலியாக இருக்காது. மேற்பார்வையாளர் மூலம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். “கதைச்சுப் பாக்கலாம்” என்று யாரோ சொன்னதை நம்பித்தான் நான் ஒரு பருவத்தை இழந்தேன்.

இரண்டாவது எச்37ஆர்ஏ. அதே இனத்தின் வீரியம் இழந்த வகை. இரண்டாம் நிலை ஆய்வுகூடம் போதும், ஆனால் வளரும் வேகம் மெதுதான்.

மூன்றாவது மைக்கோபற்றீரியம் ஸ்மெக்மாற்றிஸ். காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். மூன்று நான்கு மணித்தியாலத்தில் இரட்டிப்பாகும். காசநோய்க் கிருமிக்கு அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். அதாவது ஒரு சோதனைத் தட்டின் விடை இரண்டு நாளில் வருமா, எட்டு நாளில் வருமா என்பது இங்கேயே தீர்மானமாகிவிடும்.

வன்னியிலிருந்து தொடங்குபவருக்கு என் ஆலோசனை இதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், அதன் அறிவியல் நகர் பீடங்கள், வவுனியாப் பல்கலைக்கழகம் என்று உங்களுக்கு எட்டக்கூடிய ஆய்வுகூடத்தில் ஸ்மெக்மாற்றிசை வைத்து முதற்சல்லடை போடுங்கள். அதில் தேறும் இரண்டு மூன்று சாறுகளை மட்டும் எச்37ஆர்ஏ அல்லது எச்37ஆர்வி இருக்கும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோங்கள். ஸ்மெக்மாற்றிசோடு நிறுத்துவதானால் தலைப்பில் “காசநோய்க்கு எதிரான செயற்பாடு” என்று போட வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரி நடப்பதில்லை. காசநோயின் முதல்வரிசை மருந்தான ஐசோநயசிட்டே ஸ்மெக்மாற்றிசிடம் சரியாக வேலை செய்யாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்று நோயாளியின் சளி மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டாம். உங்களுக்கும், உங்களோடு ஆய்வுகூடத்தில் நிற்பவர்களுக்கும் ஆபத்து. ஒழுக்கநெறி அனுமதியும் கிடைக்காது.

கிருமியை அமெரிக்காவின் ஏடிசிசி, பிரித்தானியாவின் என்சிடிசி, சண்டிகாரின் எம்டிசிசி போன்ற சேகரிப்பு நிலையங்களிலிருந்து வாங்கலாம். விலையைவிட இறக்குமதி அனுமதியும் குளிர்ப்பொதியில் அனுப்பும் செலவும்தான் கடிக்கும். நாட்டுக்குள் யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் ஒரு பொருள் கைமாற்ற ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும்.

2. கடிதங்கள்

கிருமிக்கு எழுத்தில் பதில் வந்த அன்றே இவற்றைச் சேர்த்து அனுப்பத் தொடங்குங்கள். ஒன்று முடிந்து மற்றது என்று காத்திருந்தால் வருடம் போய்விடும்.

பரியாரியார்களிடம், அதாவது நாட்டு வைத்தியர்களிடம், கேட்டு எழுதப் போவதானால் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தோடு ஆய்வு முன்மொழிவு, கேள்விக்கொத்து, தகவல் தாள், சம்மதப் படிவம் போகும். குழு குறித்த நாட்களில்தான் கூடும். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்த கூட்டம்வரை நிற்க வேண்டும். எனக்கு இரண்டு தடவை திரும்பி வந்தது. இரண்டு தடவையும் காரணம் ஒன்றுதான்: தமிழ்ச் சம்மதப் படிவம் ஆங்கிலத்தின் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பாக இருந்தது. வாசித்தால் எவருக்கும் விளங்காது. தமிழை முதலில் எழுதி, வீட்டில் வயதான ஒருவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

காட்டுக்குள் பறிப்பதற்கு வனத் திணைக்களத்தின் அனுமதி. சுண்டிக்குளம், மடு வீதி போன்ற தேசியப் பூங்கா எல்லைக்குள் என்றால் வனஜீவராசிகள் திணைக்களம். இந்த இரண்டையும் தவிர்க்க ஒரு வழி உண்டு: உங்கள் பட்டியலில் உள்ள செடிகள் வேலியிலும் தோட்டத்திலும் வயல் வரம்பிலும் கிடைக்குமானால் அங்கேயே பறியுங்கள். காணிக்காரரிடம் ஒரு கையெழுத்து, கிராம சேவையாளரிடம் ஒரு கடிதம், அவ்வளவுதான். நான் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தேன். பதினாறில் பன்னிரண்டு வேலியோரத்திலேயே இருந்தன.

எல்லாக் கடிதத்தின் பிரதியும் தமிழிலும் சிங்களத்திலும் பையில் இருக்கட்டும். பற்றைக்குள் கத்தியும் பையுமாக நிற்பவரை யாராவது வந்து கேட்கத்தான் செய்வார்கள்.

எதனோல் வாங்குவதற்கு மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உங்கள் பீடத்துக்கு ஏற்கனவே இருக்கலாம், களஞ்சியப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். சாற்றை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனி அனுமதி. பொதியைக் கட்டிய பிறகு தேட வேண்டாம்.

3. பரியாரியாரிடம் போகும்போது

வெறும் பட்டியல் வாங்கப் போகாதீர்கள். எந்த உறுப்பு, எந்தப் பருவம், பச்சையா காய்ந்ததா, எதில் எவ்வளவு நேரம் காய்ச்சுவது, எதோடு சேர்ப்பது, இவ்வளவையும் எழுதுங்கள். ஆடாதோடையை அவர் குடிநீராகக் காய்ச்சுகிறார், நீங்கள் மெதனோலில் ஊறப்போடுகிறீர்கள். இரண்டும் இரண்டு பொருள். ஒவ்வொரு செடிக்கும் அவர் முறைப்படியான குடிநீரையும் ஒரு மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் கவனம். சீந்தில் என்று நான் ஒரு கொடியை வெட்டி வந்தேன். இரண்டாம் தடவை போனபோது பரியாரியார் ஒருவர் அதைக் கையில் வாங்கி, பெருவிரலால் தண்டு நீளத்துக்குத் தடவினார். “பிள்ளை, இதென்ன இப்பிடிப் பரு பருவாக் கிடக்கு? இது மற்றது” என்றார். அவர் சொன்னது சரி. மருத்துவச் சீந்தில் டினோஸ்போரா கோர்டிஃபோலியா. தண்டு முழுக்கப் பரு எழும்பிக் கிடப்பது டினோஸ்போரா கிறிஸ்பா. இரண்டும் இலங்கையில் உண்டு, பெயரும் பயன்பாடும் கலந்து கிடக்கின்றன. இரண்டாவதை உட்கொண்டவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்த பதிவுகளும் இருக்கின்றன. தடவிப் பார்க்காமல் விட்டிருந்தால் வேறொரு செடியின் விடையைச் சீந்திலின் தலையில் கட்டியிருப்பேன்.

ஊரில் கேள்விகள் வரும். “அப்ப இதைக் குடிச்சாக் கசம் மாறுமோ?” என்பார்கள். தெளிவாகச் சொல்லுங்கள்: குழாய்க்குள் நடக்கும் சோதனை இது, மருந்து இல்லை. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை அரச மருத்துவமனையில் இலவசம். இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். மாத்திரையோடு கைமருந்து சேர்ப்பதையும் வைத்தியரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பரின், காசநோய் மருந்தான ரிபாம்பிசின் இரத்தத்தில் சேரும் அளவையே கூட்டக்கூடியது. இந்தியாவில் இரண்டையும் சேர்த்த மருந்தே வந்திருக்கிறது.

4. எப்போது, எங்கே பறிப்பது

தை, மாசி நல்ல காலம். மாரி மழைக்குப் பிறகு தூதுவளை, முசுமுசுக்கை, குப்பைமேனி எல்லாம் தளிர்த்து நிற்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பறித்தால் காயாது. ஆடி, ஆவணியில் சிறு செடிகள் பல கருகிப்போயிருக்கும்.

மிதிவெடிப் பலகை உள்ள பக்கம் ஒரு அடியும் வைக்க வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் ஊரவர் நடக்கும் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்க முன் அந்த ஊர் ஆளிடம் கேளுங்கள். விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்களுக்குத்தான் எந்தப் பற்றை வெளியாக்கப்பட்டது, எது இல்லை என்று தெரியும். அவர்களில் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போவதை ஆய்வுச் செலவிலேயே எழுதுங்கள்.

அளவில் நான் பெரிய பிழை விட்டேன். கிலோக் கணக்கில் பறித்தேன். சோதனைக்கு உண்மையில் ஒரு செடியில் 25 கிராம் தூள் போதும். இலை காய்ந்தால் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் மிஞ்சும். ஆகவே அரைக் கிலோ பச்சை இலை தாராளம், திரும்பச் செய்யவும் மிஞ்சும்.

5. உலர்மாதிரி

ஒவ்வொரு செடியிலும் பூவோ காயோ உள்ள ஒரு கிளையைப் பழைய பத்திரிகைக்குள் வைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கிக் கட்டுங்கள். முதல் வாரம் தினமும் தாளை மாற்றுங்கள். பறித்த இடம், திகதி, ஊர்ப்பெயர், பூவின் நிறம், இலக்கம் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். பேராதனைத் தாவரவியற் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரகத்தில் அடையாளம் உறுதிப்படுத்தி வவுச்சர் இலக்கம் (மாதிரியின் பதிவிலக்கம்) வாங்கலாம். அந்த இலக்கம் இல்லாமல் எந்த நல்ல ஆய்விதழும் கட்டுரையை எடுக்காது. பூ இல்லாத கிளையை நான் கொண்டுபோனதால் மூன்று செடிக்கு அடுத்த பருவம்வரை பெயர் கிடைக்கவில்லை.

6. காய வைத்து, சாறு எடுப்பது

நிழலில், காற்றோட்டத்தில், சாக்கின் மேல் மெல்லியதாகப் பரப்புங்கள். வெயிலில் போட வேண்டாம். இலையை நசுக்கினால் சுருங்காமல் பொடியாக நொறுங்க வேண்டும். அதுவரை போத்தலில் அடைக்காதீர்கள். என் பூஞ்சணம் அவசரப்பட்டு அடைத்ததால் வந்தது.

25 கிராம் தூளுக்கு 250 மில்லிலீற்றர் மெதனோல், இடைக்கிடை குலுக்கி மூன்று நாள். வற்மன் 1ஆம் இலக்க வடிதாளில் வடியுங்கள். இன்னொரு முறை புதிய மெதனோலில். வடித்ததை ரோட்டரி இவாப்பரேற்றரில் 40 பாகைக்கு மேல் போகாமல் வற்ற வையுங்கள். ஒன்றிரண்டு கிராமாவது வரும். தண்ணீர்ச் சாற்றை உறைநிலையில் உலர்த்த வேண்டும். அந்த இயந்திரம் இல்லாவிட்டால் சிறு போத்தல்களில் பிரித்து உடனே உறைய வையுங்கள். வெளியில் ஒரு இரவு இருந்தாலே புளித்துவிடும்.

7. பொருட்கணக்கு

விலையை எழுதவில்லை. டொலரோடு ஏறி இறங்குகிறது. கூறுவிலை கேட்க உங்களுக்கு வேண்டியது அளவுதான்.

பத்துச் செடி, ஒவ்வொன்றிலும் மெதனோல் சாறு ஒன்று, தண்ணீர்ச் சாறு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இருபது சாறு. ஒரு 96 குழித் தட்டில் இரண்டு சாறு போகும், ஆகவே பத்துத் தட்டு. வெவ்வேறு நாளில் மூன்று முறை செய்ய வேண்டும், ஆகவே முப்பது தட்டு. கெடுவதற்கும் பழகுவதற்கும் இன்னும் பத்து. மெதனோல் ஐந்து லீற்றர். கிருமி வளர்க்கும் மிடில்புரூக் 7எச்9 ஊடகம் தட்டுக்கு 12 மில்லிலீற்றர். கிருமி வளர்ப்பதையும் சேர்த்தால் அரை லீற்றரைச் சற்றுத் தாண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு ஓஏடிசி எனும் ஊட்டச் சேர்க்கை, ஐம்பது அறுபது மில்லிலீற்றர்.

கவனிக்க வேண்டியது இந்த ஓஏடிசிதான். இறக்குமதிச் சரக்கு, 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், ஆயுள் சில மாதம்தான். கிருமியும் கடிதங்களும் கையில் வந்த பிறகு மட்டும் கட்டளை கொடுங்கள். வந்து சேரும்போது எத்தனை மாத ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்பதைக் கட்டளையிலேயே எழுதுங்கள். எனக்கு வந்த முதல் போத்தலுக்கு மூன்று வாரமே மீதி இருந்தது. 7எச்9 தூளின் போத்தல் நேரெதிர். ஒன்று பல ஆய்வுக்குக் காணும், இன்னொரு ஆய்வுகூடத்தோடு பங்குபோட்டு வாங்குங்கள்.

8. தட்டு

ரெசசூரின் என்ற சாயத்தால் பார்க்கும் முறையைப் பரிந்துரைக்கிறேன். மலிவு, கண்ணால் வாசிக்கலாம். கிருமி உயிரோடு இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும்.

சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் கரையுங்கள். அதை ஊடகத்தில் 25 மடங்கு ஐதாக்குங்கள். தட்டின் ஓரக் குழிகள் எல்லாவற்றிலும் 200 மைக்ரோலீற்றர் கிருமியற்ற தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் உள் குழிகள் வற்றிவிடும். உள்ளே 60 குழி மிஞ்சும். ஒவ்வொன்றிலும் 100 மைக்ரோலீற்றர் ஊடகம். முதற் குழியில் 100 மைக்ரோலீற்றர் சாறு விட்டுக் கலக்கி, பாதியை அடுத்ததுக்கு மாற்றி மாற்றி எட்டுக் குழி போங்கள். கடைசியில் எஞ்சும் 100ஐ வெளியே விடுங்கள். பிறகு எட்டுக் குழியிலும் 100 மைக்ரோலீற்றர் கிருமி. முடிவில் மில்லிலீற்றருக்கு 500 மைக்ரோகிராமில் தொடங்கி 3.9 வரை இறங்கும். டிஎம்எஸ்ஓ மிகக் கூடிய குழியிலும் நூற்றுக்கு ஒன்றுதான். ஒரு சாற்றுக்கு மூன்று வரிசை.

கிருமி கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும் இனம். கண்ணாடி மணிகளோடு மூடிய குழாயில் குலுக்கி, அரை மணி நேரம் அப்படியே விட்டு, மேலுள்ள கலங்கலை மட்டும் எடுங்கள். உடனே மூடியைத் திறந்தால் நுண்துளி பறக்கும். மக்ஃபார்லண்ட் எனும் கலங்கல் அளவுகோலில் 1க்குச் சரிசெய்து 20 மடங்கு ஐதாக்கினால் போதும்.

மீதிப் பன்னிரண்டு குழியும் கட்டுப்பாட்டுக்கு. கிருமி மட்டும், ஊடகம் மட்டும், கிருமியும் டிஎம்எஸ்ஓவும், கிருமியில்லாத சாறு. மருந்துக்குத் தனித்தட்டு. காசநோய்க் கிருமி என்றால் ரிபாம்பிசினும் ஐசோநயசிட்டும், ஸ்மெக்மாற்றிஸ் என்றால் சிப்ரோஃபுளொக்சசின். மருந்து வேலை செய்யாத நாளின் தட்டுகளை முழுதாக ஒதுக்குங்கள்.

எச்37ஆர்ஏ அல்லது எச்37ஆர்வி என்றால் 37 பாகையில் ஏழு நாள், பிறகு 30 மைக்ரோலீற்றர் 0.01 வீத ரெசசூரின், இன்னொரு இரவு. ஸ்மெக்மாற்றிசுக்கு ஒன்றிரண்டு நாளும் சில மணித்தியாலமும்.

9. நிறத்தை நம்ப முன்

கிருமியில்லாத சாற்றுக் குழி ஏன் என்று கேட்பவர்களுக்கு இது. என் ஆவாரஞ் சாறு கிருமி இல்லாமலே ரெசசூரினை இளஞ்சிவப்பாக்கியது. ஒட்சியேற்ற எதிரிகள் நிறைந்த சாறுகள் தாமே அதைத் தாழ்த்திவிடும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் “வேலை செய்யவில்லை” என்று எழுதியிருப்பேன். பச்சையம் கூடிய சாற்றில் நிறமே தெரியாது. சந்தேகமான குழியிலிருந்து ஒரு துளியைத் திண்ம ஊடகத்தில் பூசி வளருகிறதா என்று பாருங்கள். அதுதான் தீர்ப்பு.

தூய்மையாக்காத சாறு 100 மைக்ரோகிராமிலோ அதற்குக் கீழோ வளர்ச்சியை நிறுத்தினால் மேலே கொண்டுபோகலாம். 500இல் நிறுத்துவதைச் “சிறந்த செயற்பாடு” என்று எழுத வேண்டாம். தேறியதை வீரோ போன்ற விலங்குக் கலங்களிலும் சோதியுங்கள். கலத்தைக் கொல்லும் அளவு, கிருமியை நிறுத்தும் அளவைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொல்லும் சாறு கிருமியையும் கொல்லத்தான் செய்யும்.

பழைய ஆய்வோடு ஒப்பிடும்போது முறையைப் பாருங்கள். 2010இல் இந்தியாவில் ஆடாதோடை, குப்பைமேனி, வெங்காயம், உள்ளி, கற்றாழை ஐந்தையும் பல மருந்துக்கு அடங்காத கிருமிகளில் சோதித்தார்கள். அது தண்ணீர்ச் சாறு, முட்டை ஊடகம். அந்த நூற்றுவீதத்தை உங்கள் மைக்ரோகிராமோடு ஒரே அட்டவணையில் போட முடியாது.

10. திரும்பிப் போவது

விடை வந்ததும் பரியாரியாரிடம் போங்கள். நான் போனபோது அவருடைய ஆடாதோடைக் குடிநீர் என் தட்டில் எதையும் நிறுத்தவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இருமல் இறங்குதே பிள்ளை” என்றார். அதுவும் உண்மை. ஆடாதோடையில் உள்ள வசிசின் என்ற பொருளிலிருந்து பிறந்த புரோம்ஹெக்சினும் அம்புரொக்சோலும் சளியை இளக்கும் மருந்துகளாக உலகம் முழுக்க விற்கின்றன. அந்த இரண்டு மருந்துகளும் குழாய்க்குள் காசநோய்க் கிருமியைத் தடுப்பதாக 1996இலேயே எழுதியிருக்கிறார்கள். குடிநீரில் வசிசின் எவ்வளவு என்று நான் அளக்கவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

போகும்போது தமிழில் ஒரு பக்கம் கொண்டுபோங்கள். எந்தச் செடி, எந்த உறுப்பு, என்ன செய்தீர்கள், என்ன வந்தது, என்ன செய்யவில்லை என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்தும் திகதியும் இருக்கட்டும். எழுத்துப் பெரிதாக இருந்தால் நல்லது, அவருக்குக் கண் மங்கல்.